கிராஃப் தாளில் முப்பத்தெட்டுப் பேர்

ஜூன் 3

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். முதல் வரியிலேயே பொய் எழுத எனக்குக் கை வரவில்லை.

உங்கள் எண் அணைந்தே கிடக்கிறது. எங்கள் வீட்டு ஃபோன்களை உடைத்துவிட்டார்கள். அதனால் நீங்கள் என் அகராதிக்குள் வைத்துவிட்டுப் போன சீட்டில் இருந்த அச்சக முகவரிக்கு இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை வெண்சிறகு அலுவலகம் திறக்கவில்லை. ஷட்டரில் ‘கணினிப் பராமரிப்பு’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. பத்து மணிக்கு அதைப் படித்துவிட்டுப் பேசாமல் நின்றவர்கள், பதினொரு மணிக்கு அந்த ஷட்டரைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். உள்ளே ஒரு நாற்காலிகூட இல்லை. மேனேஜரான நீங்களும் இல்லை என்றதும் நேரே அப்பாவின் பட்டறைக்கு வந்தார்கள். எங்கள் தெருவில் முதலில் பணம் போட்டுச் சேர்ந்தவர் அப்பாதானே. “என் தம்பி கம்பெனி, பயப்படாம போடுங்க” என்று மற்றவர்களிடம் சொன்னவரும் அவர்தான்.

அப்பா ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். பால்காரர் அவருடைய வலது கையை இழுத்து, இரும்பைப் பிடித்துவைக்கும் வைஸுக்குள் வைத்தார். மற்றவர்கள் அப்பாவின் தோளை அமுக்கிக்கொண்டார்கள்.

“உன் தம்பி எங்க?”

“சத்தியமா தெரியாதுப்பா.”

“கூடப் பொறந்தவன் போன இடம் தெரியாதா? ஒரு சுத்து சுத்தினா ஞாபகம் வந்துடும்.”

மூன்று சுற்று சுற்றினார். காய்ந்த குச்சி ஒடிவது போல என்று கதைகளில் எழுதுவார்கள். அப்படி இல்லை சித்தப்பா. அது ஈரமான சத்தம்.

நான் பால்காரரின் முழங்கையைக் கடித்தேன். அவர் என்னைச் சுவரில் வீசினார். அப்போது உங்கள் சீட்டு என் சீருடைப் பையில்தான் இருந்தது. அது அப்பாவுக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. நான் செய்தது சரியா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் அண்ணன் மகள்

*

ஜூன் 13

என் அருமை நிருபருக்குச் சித்தப்பாவின் ஆசிகள்.

நான் சுகம். மீசையை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால், யாரோ முன்பின் தெரியாத ஆள் என்னிடம் வழி கேட்க நிற்பது போல இருக்கிறது. அச்சகத்தின் மாடியறையில் தங்கி, ப்ரூஃப் பார்த்துக் கொடுத்துச் சாப்பிடுகிறேன். அச்சகக்காரர் தங்கமான மனிதர். நான் யார், எதற்கு வந்தேன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அண்ணன் கையைப் பற்றிப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு மேலே இருந்தவர்களை நம்பி நானும் ஏமாந்தவன்தான். அதை அண்ணியிடம் சொல்.

நீ செய்தது நூற்றுக்கு நூறு சரி.

அந்தச் சத்தத்தை நீ எழுதிய விதம் இருக்கிறதே! உனக்கு எழுத்து வருகிறதம்மா. முகஸ்துதி இல்லை. அதனால் உனக்கு ஒரு வேலை தருகிறேன். வந்து அடித்தவர்களைப் பற்றி எழுதிவிட்டாய். பணம் போட்டும் வராதவர்கள் இருப்பார்கள். அவர்கள் எப்படி நடக்கிறார்கள், யாரைப் பார்த்தால் தலையைக் குனிகிறார்கள், வீட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள்? சின்ன விஷயத்தைக்கூட விடாதே. அவர்களை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

படித்ததும் கிழித்துவிடு.

உன் சித்தப்பா

*

ஜூன் 30

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். உங்களுக்கு இப்போது தூக்கம் வருகிறதா? அப்பாவுக்கு வருவதில்லை. நடுவிரலையும் மோதிர விரலையும் மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். கட்டு மாற்றும்போது அவர் அம்மாவின் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொள்கிறார். இடது கையால் காயில் சுற்றிப் பழகுகிறார். பழைய மோட்டார் ஒன்றை நூறு முறை சுற்றிப் பிரித்துவிட்டார்.

நீங்கள் தந்த வேலையைச் செய்தேன். ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருக்கிறேன்.

எங்கள் கணக்கு வாத்தியார் போட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் கூட்டு வட்டிப் பாடம் வந்தபோது, “இத நீங்களே படிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். கணக்கு வாத்தியாரே ஏமாந்தார் என்று ஊர் சிரிக்குமே என்ற பயம்.

மருந்துக்கடைக்காரர் மனைவியின் நகையை வைத்துப் போட்டிருக்கிறார். மனைவிக்கு இன்னும் தெரியாது. நகை பேங்க் லாக்கரில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். நான் அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் போனால் காசு வாங்காமல், “வெளிய பேசிடாத கண்ணு” என்கிறார்.

தையல்காரம்மா மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பாதியாவது வருமா?” என்று கேட்டார். “பாதி வந்தா போதும், மீதிய நான் தச்சே சம்பாரிச்சுடுவேன்.”

இதெல்லாம் உங்களுக்கு ஆறுதல் தருமா, வேதனை தருமா என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.
உங்கள் நிருபர்

*

ஜூலை 10

நிருபர் அவர்களுக்கு,

சுகம், சுகமே வேண்டுகிறேன். உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். ஜன்னலருகே நிற்கும் வாத்தியாரை வரைந்தே காட்டிவிடலாம் போலிருக்கிறது. வெட்கப்படுகிறவர்கள்தான் நல்ல மனிதர்கள். சத்தம் போட மாட்டார்கள், போலீசுக்குப் போக மாட்டார்கள்.

இன்னும் ஒரு உதவி. யார் யாரைச் சேர்த்துவிட்டார்கள் என்ற விவரம் எல்லாம் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பணத்தைத் திருப்பித் தர யாராவது நல்லவர்கள் முன்வந்தால், பட்டியல் இல்லாமல் எப்படித் தருவார்கள்? உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அண்ணனில் தொடங்கி ஒரு படமாகப் போட்டு அனுப்பு. ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் அவருடைய நிலைமையைப் பற்றி இரண்டு வரி.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம். பாவம், நோயாளி.

அன்புடன்,
சித்தப்பா

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நலந்தானே? தாமதத்திற்கு மன்னிக்கவும். ஒவ்வொரு வீடாகப் போய் விசாரிக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடச் செயல்திட்டம் என்று சொன்னேன். அது பொய்தான். ஆனால் நல்லதற்குச் சொன்ன பொய்.

இத்துடன் கிராஃப் தாளில் படம் வைத்திருக்கிறேன். உச்சியில் அப்பா. அவருக்குக் கீழே முப்பத்தெட்டுப் பேர். பணம் போனதை மறைப்பவர்களுக்கு நீல வண்ணம், கோபக்காரர்களுக்குச் சிவப்பு, இன்னும் நம்புகிறவர்களுக்குப் பச்சை.

படம் போடும்போது ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஊரில் நடக்கும் அடிதடி எல்லாம் இந்தக் கோடுகளின் வழியாகத்தான் போகிறது. ஒவ்வொருவரும் தன்னைச் சேர்த்துவிட்டவரை அடிக்கிறார்கள். அவர் தன்னைச் சேர்த்துவிட்டவரை அடிக்கிறார். அடி மேலே ஏறிக்கொண்டே வந்து அப்பாவிடம் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அடிக்க ஆள் கிடைப்பதில்லை.

தையல்காரம்மா தன் சொந்தத் தம்பியைச் சேர்த்துவிட்டிருந்தார். போன வியாழக்கிழமை மத்தியானம் அந்தத் தம்பி கடைக்குள் புகுந்து, சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அக்காவின் கழுத்தில் வைத்து அழுத்தினார். நான் எதிர்க்கடையில் பேனா வாங்கிக்கொண்டிருந்தேன். “நீ சொல்லித்தானே போட்டேன், நீ சொல்லித்தானே போட்டேன்” என்று அழுதுகொண்டே அழுத்தினார். துணி கருகும் வாடை வந்தது. பிறகு அது துணி இல்லை என்று தெரிந்தது. தையல்காரம்மா கத்தவே இல்லை. இரண்டு கையாலும் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவரைப் பச்சையில் போட்டிருக்கிறேன்.

இந்தப் படம் சீக்கிரம் பயன்படட்டும்.

உங்கள் நிருபர்

*

செப்டம்பர் 21

அன்புக்குரிய நிருபருக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் உடனே எழுத முடியவில்லை. படம் கிடைத்தது. பத்து வருடம் கம்பெனியில் இருந்தவனாலும் இப்படிப் போட முடியாது.

நல்ல சேதி வரப்போகிறது. இப்போதைக்கு இது போதும்.

சித்தப்பா

*

அக்டோபர் 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா என்று கேட்டுவிட்டு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

‘முதல்வெளிச்சம்’ என்று ஒரு கம்பெனி வந்திருக்கிறது. கழுத்தில் டை கட்டிய ஒருவரும், கோப்புடன் ஒரு பெண்ணும். வெண்சிறகின் பழைய பாஸ்புக்கைக் கொண்டுபோனால் பாதி மதிப்புக்கு ஏற்றுக்கொள்வார்களாம். மறுபாதியைப் புதிதாகக் கட்டி, ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்க்க வேண்டுமாம். பெயர் மட்டும் வேறு. கணக்கு அதே கணக்கு.

அவர்கள் தெருவில் கூவி விற்கவில்லை. முதலில் வாத்தியார் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பிறகு, மருந்துக்கடைக்காரர் தனியாக இருந்த நேரம் பார்த்து, “அம்மா லாக்கரத் திறக்கறதுக்குள்ள நகையத் திருப்பிடலாம் சார்” என்றார்களாம். தையல்காரம்மாவிடம், “பாதியாவது வரணும்ல?” என்று கேட்டார்களாம். அவர் கழுத்துக் கட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதையெல்லாம் நான் உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். உங்கள் அறையிலிருந்து யாராவது என் கடிதங்களைத் திருடிவிட்டார்களா?

இன்னொன்று. நேற்றுப் பால்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, மார்பில் ‘தங்க வழிகாட்டி’ என்று பேட்ஜ். பழைய முப்பத்தெட்டுப் பேரும் திரும்பிச் சேர்ந்தால்தான் அவர் பணம் அவருக்குக் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கண்ணே. நவம்பர் அஞ்சாம் தேதி கூட்டம். நீங்க மேடையேறி, ‘நான் சேர்ந்துட்டேன், நீங்களும் சேருங்க’ன்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

“என்னால முடியாதுப்பா.”

“சார்ட்டுல உச்சியில நீங்கதான இருக்கீங்க? முடியாதுன்னா எப்படி?” அப்பா சுற்றிக்கொண்டிருந்த காயிலைப் பால்காரர் எடுத்துப் பார்த்தார். “இடது கை நல்லாப் பழகிடுச்சு போல. பத்திரம்ணே.”

சார்ட் என்றாரே, எந்தச் சார்ட்? உடனே பதில் எழுதுங்கள்.

அண்ணன் மகள்

*

அக்டோபர் 18

அன்பு மகளே,

நலம். நீ கதைப் புத்தகம் அதிகம் படிக்கிறாய். திருட்டும் இல்லை, மர்மமும் இல்லை. யார் கொடுத்தால் என்ன, விவரம் நல்லவர்கள் கைக்குத்தான் போயிருக்கிறது.

அண்ணனை மேடையேறச் சொல். இரண்டு நிமிடப் பேச்சு. இந்த முறை ஆரம்பத்திலேயே உங்களுக்கு இடம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் ஏறி, சீக்கிரம் இறங்கிவிடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கடைசியில் நிற்பவர்கள்தான் அடி வாங்குவார்கள். எந்தக் கம்பெனியிலும் அப்படித்தான்.

பால்காரனைப் பற்றிப் பயப்படாதே. குலைப்பானே தவிரக் கடிக்க மாட்டான்.

சித்தப்பா

*

அக்டோபர் 25

சித்தப்பா,

அவர் கடித்த விரல்கள் இரண்டும் மருத்துவமனையில் இருக்கின்றன.

நவம்பர் 5 சனிக்கிழமை, காலை பத்து மணி. நீங்கள் வர வேண்டாம். அப்பாவை விட்டுவிடு என்று பால்காரருக்கு ஒரு வரி மட்டும் எழுதுங்கள். உங்கள் பேச்சை அவர்கள் கேட்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

*

நவம்பர் 5, மதியம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். பத்து நாட்களாக உங்களிடமிருந்து ஒரு வரியும் வராததால், கூட்டத்தில் நடந்ததை நானே எழுதுகிறேன்.

கூடம் நிறைந்திருந்தது. டைக்காரர் மைக்கில் வெளிச்சத்தைப் பற்றிப் பேசினார். பிறகு பால்காரரும் இன்னொருவரும் அப்பாவை மேடைக்கு இழுத்து வந்தார்கள்.

“ஒரு தடவ நான் சொல்லி முப்பத்தெட்டுக் குடும்பம் கெட்டுச்சு. மறுபடியும் என் வாயால சொல்ல மாட்டேன்” என்றார் அப்பா. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

பால்காரர் அப்பாவின் இடது கையை மேசைமேல் விரித்து அமுக்கினார். மைக் நிற்கும் கம்பத்தைத் தலைகீழாகத் தூக்கினார். அதன் அடிப்பாகம் கனத்த இரும்பு வட்டம். “சொல்றியா, மாட்டியா?” என்றார்.

நான் படியேறி மைக்கைப் பிடுங்கிக்கொண்டேன். உங்கள் கடிதங்களை நான் கிழிக்கவில்லை. எந்தத் தாளையும் என்னால் கிழிக்க முடியாது. “வெட்கப்படுகிறவர்கள்தான் நல்ல மனிதர்கள். சத்தம் போட மாட்டார்கள், போலீசுக்குப் போக மாட்டார்கள்” என்று படித்தேன். டைக்காரர் ஒயரைப் பிடுங்க வந்தார். அதற்குள் எங்கள் கணக்கு வாத்தியார் எழுந்து மேடைக்கு வந்து, அந்தப் பெண்ணின் கோப்பைத் திறந்தார். உள்ளே கிராஃப் தாளின் நகல்.

“இது உன் கையெழுத்து. ஏழு போட்டா நடுவுல கோடு போடுவே” என்றார் என்னைப் பார்த்து. தன் பெயரைத் தேடி, அதன் பக்கத்தில் நான் எழுதிய இரண்டு வரியைப் படித்தார். ஒரு மடக்கு நாற்காலியை எடுத்தார்.

முதல் அடி வாத்தியாருடையது. வாழ்க்கையில் யாரையும் பிரம்பால்கூட அடிக்காதவர். டைக்காரரின் தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. அவர் விழுந்த பிறகு நாற்காலிகள் எல்லாம் மேடைக்கு வந்தன. டையைப் பிடித்து இழுத்துப் படிகளில் இறக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் தலை மோதியது. பற்கள் சிதறிக் கிடந்தன. தையல்காரம்மா அவற்றின்மேல் செருப்புக் காலோடு நடந்து போய் அவர் முகத்தை மிதித்தார். அந்தப் பெண் எப்படியோ ஓடிவிட்டாள்.

பால்காரர் மட்டும் அப்பாவின் கையை விடவில்லை. கம்பம் உயர்ந்தே இருந்தது.

“கடுதாசி வருதுன்னா அட்ரஸ் இருக்கும். அட்ரஸச் சொல்லு பாப்பா.”

“சொல்லாதம்மா” என்றார் அப்பா. “அவன் என் தம்பி.”

நான் சொல்லிவிட்டேன். தெருப் பெயர், கதவு எண், மாடியறை, எல்லாம். இரண்டு முறை சொன்னேன், தெளிவாக. அப்பாவின் இடது கையில் ஐந்து விரலும் இருக்கின்றன. கையைக் கழுவிக்கொண்டு அவர் என்னுடன் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு மணிக்கு ஒரு லாரி கிளம்பியது. பத்தொன்பது பேர். இரும்புக் கம்பிகளைச் சாக்கில் சுற்றி ஏற்றினார்கள். நாளைக் காலை உங்கள் தெருவில் இருப்பார்கள்.

இதைத் தபால் நிலையத்தில் நின்று எழுதுகிறேன். உங்கள் கடித உறைகளின் பின்பக்கத்தில் அச்சகத்தின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கிறது. அதை இப்போதுதான் கவனித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. முதல் உறையிலேயே பார்த்தேன். இங்கே கவுன்டருக்குப் பக்கத்தில் காசு போட்டுப் பேசும் ஃபோன் இருக்கிறது. என் கையில் காசும் இருந்தது. அந்தக் காசுக்குத் தபால்தலை வாங்கினேன். இந்தக் கடிதம் உங்களுக்குப் புதன்கிழமை கிடைக்கும் என்று தபால்காரர் சொல்கிறார்.

நலமாக இருங்கள்.

உங்கள் நிருபர்

*

நவம்பர் 14

தங்கச்சிக்கு,

உன் பெயர் தெரியாது. உறையில் இருந்த முகவரியைப் பார்த்து எழுதுகிறேன். நான் அச்சகக்காரரின் மனைவி. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வாங்க வேண்டியவர் இல்லாததால் நானே பிரித்துப் படித்தேன். மன்னித்துக்கொள்.

உன் சித்தப்பா சனிக்கிழமை மதியமே போய்விட்டார். ஒரு பெண் ஃபோன் செய்து அவரைக் கேட்டாள். மாடிக்குப் போய்க் கூப்பிட்டுக் கொடுத்தவள் நான்தான். இரண்டு நிமிடம் பேசினார். கால் மணி நேரத்தில் பெட்டியோடு இறங்கி, “அவசரமா ஊருக்குப் போறேன்க்கா, திங்கட்கிழமை வந்து ஆர்டர எடுத்துக்கறேன்” என்றார். போகும்போது என் கணவரிடம், ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து வேலையை முடித்துவையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவரும் சரி என்றார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறந்திருந்தது. வந்தவர்கள் மாடியறை காலியாக இருப்பதைப் பார்த்தார்கள். பிறகு கீழே இறங்கி, மிஷினில் ஓடிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தார்கள். ‘தாய்நிழல் – உறுப்பினர் விண்ணப்பம்.’ ஐயாயிரம் தாள். உன் சித்தப்பாவின் அடுத்த கம்பெனி போலிருக்கிறது. என் கணவருக்கு அது ஒரு ஆர்டர், அவ்வளவுதான். “நீயும் கூட்டாளியா?” என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்ல வாய் திறந்தபோது முதல் கம்பி விழுந்தது.

கையை மிஷினுக்குள் கொடுத்து ஓடவிட்டார்கள். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. இடது கண்ணில் பார்வை வராது என்கிறார்கள். இன்னும் பேசவில்லை. நேற்று என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உனக்கு என்ன வயது என்று உன் கையெழுத்தைப் பார்த்தால் தெரிகிறது. என் மகளுக்கும் அந்த வயதுதான். உன் அப்பாவின் கை பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம். அது பொய் இல்லை.

ஆனாலும் இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை முழுவதும் எங்களுக்கு அந்த ஒரு ஃபோன்தான் வந்தது. ஃபோன் என் மேசையில்தான் இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிவரை நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்தேன்.